இரு கரையும் ஒரே ஏரியும்

கேளுங்கள். வடக்கே ஒரு பேரரசரும் தெற்கே ஒரு பேரரசரும் ஓயாமல் பகைத்திருந்த காலம் அது. இருவருக்கும் நடுவில் ஒரு ஏரி இருந்தது. அதன் மேலைக்கரை ஊருக்குச் சாத்தன் தலைவன். கீழைக்கரை ஊருக்குப் பூதன் தலைவன். சாத்தனின் தங்கை வெண்ணியைத்தான் பூதன் மணந்திருந்தான்.

வடபுலத்துப் பேரரசர் சாத்தனுக்கு முதல் ஆண்டு உப்பு அனுப்பினார். இரண்டாம் ஆண்டு வேல்கள் அனுப்பினார். மூன்றாம் ஆண்டு படையையே அனுப்பி, "உன் காவலுக்கு" என்றார். தென்புலத்துப் பேரரசரும் பூதனுக்கு அப்படியே செய்தார்.

வெண்ணி பயந்துபோய்ப் பரிசலில் அக்கரைக்குச் சென்றாள். "அண்ணா, அந்தப் படையைத் திருப்பி அனுப்பிவிடு. அவரையும் அனுப்பச் சொல்கிறேன்."

"முதலில் உன் புருஷன் அனுப்பட்டும்" என்றான் சாத்தன்.

பூதனிடம் கேட்டாள். "முதலில் உன் அண்ணன் அனுப்பட்டும்" என்றான் அவன்.

மூன்று முறை போனாள், மூன்று முறை திரும்பினாள். இருவரும் அசையவில்லை.

கோடையில் போர் மூண்டது. தென்புலத்துக் குதிரைப்படையை மூழ்கடிக்க, வடபுலத்துத் தளபதி ஏரியின் கீழைக்கரையை உடைக்கச் சொன்னான். சாத்தனின் ஆட்களே மண்வெட்டி பிடித்தார்கள். வெள்ளத்தில் கீழைக்கரை ஊர் போயிற்று. குழந்தைகளைத் தூக்க ஓடிய பூதனும் போனான். வெண்ணியும் ஒரு சிலருமே மேடேறிப் பிழைத்தார்கள். ஏரி வற்றியதால் மேலைக்கரைப் பயிர் நின்றபடியே காய்ந்தது.

அறுவடை மாதத்தில் பேரரசர்கள் இருவரும் சம்பந்தம் பேசிச் சமாதானமானார்கள். படைகள் ஊர் திரும்பின.

சாத்தன் பதினெட்டு நாள் நடந்து வடபுலத்து அரண்மனைக்குப் போனான். "ஐயா, எங்கள் ஏரியைக் கட்டித் தர வேண்டும்" என்று கைகூப்பினான்.

அமைச்சர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ஏரி?" என்றார்.

சாத்தன் திரும்பி வந்தான். உடைந்த கரையில் வெண்ணி மண் சுமந்துகொண்டிருந்தாள். "அம்மா வெண்ணி..." என்றான்.

அவள் அண்ணனை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இடித்தது உன் ஆட்கள்தானே, மண் எங்கே கிடக்கிறதென்று அவர்களுக்குத் தெரியும், வரச் சொல்" என்றாள்.

அன்றுமுதல் இரு கரையாரும் சேர்ந்து மண் சுமந்தார்கள். ஏரி நிறைய ஏழு மழைக்காலம் ஆயிற்று. அண்ணனும் தங்கையும் மட்டும் கடைசிவரை பேசிக்கொள்ளவே இல்லை.

வலியவர் இருவரின் பகையில் ஆளுக்கொரு பக்கம் சேரும் எளியவர்கள், அந்த வலியவர்கள் கைகோத்த பிறகும் தங்கள் இழப்பைத் தாங்களே சுமக்க வேண்டும்.