பெர்னதெத்தின் காரை வெட்ட வந்தவர்

தூத்துக்குடியில் வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவள் பெர்னதெத். ஒருநாள் அந்தக் கார் நடுப்பாலத்தில் புகை கக்கி நின்றுவிட்டது. அதைக் கட்டி இழுத்துக்கொண்டு பொன்பாண்டியனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். அவர் பழுது பார்ப்பார், பழைய கார் வாங்குவார், புதுக் காரும் விற்பார்.

பானெட்டைத் திறந்தவர், துக்க வீட்டுக்கு வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டார்.

“இன்ஜின் போயிருச்சும்மா. இனி இது வெறும் இரும்பு. இரும்பு விலைக்கு நானே எடுத்துக்கிறேன். நீ தவணையில புதுசு வாங்கிக்கோ.”

“சரி பண்ணவே முடியாதா அண்ணாச்சி?”

“கடவுளே இறங்கி வந்தாலும் முடியாது.”

பெர்னதெத் வாசலில் புதுப் பெயின்ட் அடித்து விற்பனைக்கு நின்ற பழைய கார்களைப் பார்த்தாள். போய், பக்கத்துக் காயலான் கடைக்காரரை கேஸ் கட்டரோடு அழைத்துவந்தாள்.

“எனக்குச் சோறு போட்ட வண்டி அண்ணாச்சி. வெறும் இரும்புதானே, என் கண்ணு முன்னாலயே வெட்டி எடைக்குப் போட்டுடறேன்.”

அண்ணாச்சி சிரித்தார். கடைக்காரர் பற்றவைத்த கட்டரின் நெருப்பு பானெட்டை நெருங்கியதும் சிரிப்பு நின்றது.

“ஏய், நிறுத்து! நல்ல வண்டியை நாசம் பண்ணாத! இன்ஜினை இறக்கி வேலை பார்த்தா இன்னும் பத்து வருஷம் ஓடும்!”



“அப்ப இறக்குங்க அண்ணாச்சி” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் பெர்னதெத்.

பழைய காரை இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டுப் புதுக் காருக்குக் கையெழுத்துப் போடவிருந்த ஒருவர் பேனாவை மூடினார்.

“அண்ணாச்சி, என் வண்டியையும் இன்னொரு தடவை பாத்துடுங்களேன்.”