எட்டாம் படுக்கைப் பாலாடை

"மேடம், குழந்தையோட ரத்தம் எங்கேயோ போகுது. எங்கேன்னுதான் பிடிபடல."

சொன்னவர் டாக்டர் தில்லைநாயகம். அறந்தாங்கியில் பதினெட்டு வருஷம் கிளினிக் நடத்தி, கைராசிக்காரர் என்று பேர் எடுத்தவர். ஐம்பது வயதில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் தொழில் பழக வந்திருந்தார். அந்தத் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்!

கேட்டுக்கொண்டிருந்தவர் டாக்டர் மெஹருன்னிசா. அந்தப் பிரிவின் தலைமை மருத்துவர். அவரைவிடப் பத்து வயது இளையவர்.

எட்டாம் படுக்கையில் முத்தரசி. ஐந்து மாதம், ஐந்து கிலோ. நிமோனியா வந்து ஒன்பது நாளாகக் குழாய் வழியாகத்தான் மூச்சு. வந்த அன்று ஹீமோகுளோபின் பத்து. இன்றைக்கு எட்டு. இன்னும் இறங்கினால் அடுத்தவர் ரத்தம் ஏற்ற வேண்டியதுதான்.

மெஹருன்னிசா குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மெத்தென்று இருந்தது. மலத்தைப் பார்த்தார். நல்ல மஞ்சள்; உள்ளே ரத்தக்கசிவு இல்லை.

"என்ன செய்யலாம்னு இருக்கீங்க, சார்?"

தில்லைநாயகம் சீட்டை நீட்டினார். ஆறு ரத்தப் பரிசோதனைகள். முத்து முத்தான கையெழுத்து. மனுஷனுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

"அடேயப்பா, ஒண்ணையும் விடலியே!"

சீட்டை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, மெஹருன்னிசா குழந்தையின் தாயிடம் திரும்பினார்.

"இசக்கி, அந்தப் பாலாடையைக் கொஞ்சம் எடுத்துக் கொடும்மா."

குழாயை எடுக்கும் நாளில் முதல் வாய்ப் பால் அதில்தான் என்று, வந்த அன்றே இசக்கியம்மாள் அந்தப் பால் புகட்டும் கிண்ணத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டாள். எடுத்து வை என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் மனசு வரவில்லை.

மெஹருன்னிசா பாலாடையையும் ஒரு ஊசிக்குழலையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் தில்லைநாயகத்தின் முன் வைத்தார். படுக்கையில் தொங்கிய அட்டையைக் கையில் எடுத்தார். பரிசோதனைக்கு எடுக்கும் ரத்தத்தின் அளவை ஒவ்வொரு தடவையும் நர்ஸ் அதில் எழுதிவைப்பது அங்கே வழக்கம். எழுதுவார்கள், அவ்வளவுதான். யாரும் கூட்டிப் பார்த்ததில்லை.

"நான் வாசிக்கிறேன். நீங்க ஊத்துங்க. திங்கள் காலை மூணு மில்லி. சாயங்காலம் ரெண்டு."

ஊற்றினார்.

"செவ்வாய் அஞ்சு. புதன் அஞ்சு."

"பாலாடை நிறைஞ்சிருச்சு, மேடம்."

"கொட்டிட்டு ஊத்துங்க."

இரண்டாம் தடவையும் நிறைந்தது. கொட்டினார். மூன்றாம் தடவை நிறைந்தபோதுதான் அட்டை முடிந்தது. நாற்பத்தைந்து மில்லி.

"இந்த உடம்புல மொத்தமா எவ்வளவு ரத்தம் ஓடும், சார்?"

"நானூறு மில்லி." பாலாடையைக் கீழே வைத்தார். "ஐயோ, வேலியே பயிரை மேஞ்சிருக்கே!"

"புதன்கிழமை சோடியம் ரெண்டு தரம் பார்த்திருக்கீங்க. எதுக்கு?"

"ரவுண்ட்ஸ்ல நீங்க கேட்டா, தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"எனக்காகவா எடுத்தீங்க?"

"ஆமா, மேடம்."

"நானும் கேட்டுக்கிட்டேதானே இருந்தேன்" என்றார் மெஹருன்னிசா. சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். தில்லைநாயகம் அதை நாலாகக் கிழித்தார்.

மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸ். மகன் வயசுள்ள டாக்டர்கள் ஆறு பேர் தில்லைநாயகத்தைச் சூழ நின்றார்கள்.

"எட்டாம் படுக்கை. இன்னிக்கு சோடியம் எவ்வளவு, சார்?"

"தெரியாது, மேடம்."

ஒருத்தன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"பொட்டாசியம்?"

"அதுவும் தெரியாது. முந்தாநாள் பார்த்தது சரியா இருந்துச்சு. மருந்து எதையும் மாத்தல. சிறுநீர் நல்லாப் போகுது. தேவைப்படல, எடுக்கல."

அறந்தாங்கியில் கூட அவர் இவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

மெஹருன்னிசாவுக்குப் பெருமை தாங்கவில்லை. காட்டிக்கொள்ளாமல் கேட்டார். "அப்போ என்னதான் பார்த்தீங்க?"

"குதிகால்ல ஒரே ஒரு சொட்டு எடுத்தேன். குழாயை எடுக்கலாமா வேண்டாமான்னு அது சொல்லியாகணும்."

"என்ன சொல்லுச்சு?"

தில்லைநாயகம் இசக்கியம்மாள் பக்கம் திரும்பினார்.

"தாயி, பாலாடையைக் கழுவி வை."