காற்றின் கால் சுடாமல்

காற்றுக்கும் கடலுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், கடலில் அலையே கிடையாது. தட்டில் ஊற்றிய கஞ்சித் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கும். காற்று கடலுக்கு ஒரே பிள்ளை. நடுக்கடலில் அம்மா மடியிலேயே சுருண்டு படுத்திருக்கும். கரைப்பக்கம் வந்ததே இல்லை.

கரையில் கருத்தான், செவந்தி என்று புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். செவந்திக்கு நிறைமாதம். விடியற்காலையில் கட்டுமரத்தைத் தள்ளிவிட்டால் போதும், அடியில் ஓடும் நீரோட்டமே ஆழ்கடலுக்கு இழுத்துப் போய்விடும். திரும்பி வரத்தான் துடுப்பு வேண்டும். அன்று கருத்தான் அந்தத் துடுப்பை மணலிலேயே மறந்துவிட்டுப் போனான்.

செவந்தி அதைப் பார்த்துவிட்டாள். கூப்பிட வாயைத் திறந்தவள் சட்டென்று மூடிக்கொண்டாள். கடலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது அந்தக் கரையின் சாத்திரம். சாத்திரத்தைக் காப்பாற்றிப் புருஷனைக் கோட்டைவிட்டாள்.

உச்சி வேளைக்குள் கட்டுமரம் புள்ளியாகச் சிறுத்துப்போனது. செவந்தி துடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஏ காத்தே! எம் புருசன் திரும்ப வழியில்லாம நிக்காரு. பொறக்கப்போற பிள்ள அப்பன் முகத்தப் பாக்கணும். கொண்டாந்து விட்டுரு, தாயி!"

காற்றுக்குப் பாவமாக இருந்தது. "போயிட்டு வரட்டாம்மா? ஆனா தனியாப் போகப் பயமாயிருக்கு" என்றது.

"எம் முந்தானையப் புடிச்சிக்கிட்டு நட" என்றது கடல்.

காற்று பிடித்து இழுத்த இழுப்பில் முந்தானை மடிப்பு மடிப்பாக எழுந்தது. உலகத்தின் முதல் அலை அதுதான்.

கட்டுமரத்தை எட்டியதும், "அண்ணே, எதையாவது விரிச்சுப் பிடிங்க, நான் தள்ளுறேன்" என்றது காற்று. கருத்தானிடம் இருந்தது இடுப்பு வேட்டி ஒன்றுதான். உயிர் போகிற நேரத்தில் மானமா பார்க்க முடியும்? அவிழ்த்து விரித்துக் கோவணத்தோடு நின்றான். கட்டுமரம் கரையைப் பார்த்து ஓடியது.

கரை நெருங்கியதும், முன்னே நீட்டிய கால் மணலில் பட்டுக் காற்று அலறியது. மத்தியான மணல் நெருப்பாய்க் கொதித்தது.

"அம்மா, கால் சுடுது! நான் திரும்பிப் போறேன்."

கரைக்கு இன்னும் கூப்பிடு தூரம் இருந்தது. காற்று திரும்பினால் கருத்தானும் அதோடு போய்விடுவான். செவந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி, குடத்துத் தண்ணீரை மணலில் கொட்டினாள். ஒரு குடம் எந்த மூலைக்கு? ஆனாலும் மறுபடி மொண்டு வந்து கொட்டினாள்.

அதைப் பார்த்த கடலுக்கு மனசு உருகிவிட்டது. நிறைமாதக்காரி ஒருத்தி நம் பிள்ளையின் காலுக்காக இப்படி ஓடுகிறாளே என்று, தன் முந்தானையை எடுத்து மணல்மேல் வீசி விரித்தது. ஈர மணலில் காற்று மெல்லக் கால் வைத்தது. கட்டுமரமும் கரையில் வந்து தட்டியது.

கோவணத்தோடு வந்தவனைக் கண்டு செவந்தி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா?" என்றான் கருத்தான், மணலில் கிடந்த துடுப்பைப் பார்த்து.

"இனிமே ஊரே கேக்கக் கூப்பிடுவேன். சாத்திரமாவது மண்ணாவது!"

காற்று அவள் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தது. "நாளைக்கும் வரட்டாக்கா?"

"தெனமும் வா, தாயி."

வெயில் ஏறி மணல் சுடத் தொடங்கியதும் கடற்காற்று கிளம்புவதும், அலைகள் உயர்ந்து முன்னால் ஓடிவந்து கரையை நனைப்பதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். பிள்ளை எவ்வளவு வளர்ந்தால் என்ன? அதன் கால் சுட எந்த அம்மா விடுவாள்?