அரசர் படகைவிட நீளமான படகு

உப்பங்குடியை ஆண்ட கடம்பராயருக்கு மீன்பிடிப்பதென்றால் பைத்தியம். அரண்மனைக்குப் பின்னால் இருந்த உப்பங்கழியில், ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய குட்டைத் தோணி ஒன்றில் தினமும் தூண்டிலோடு கிளம்பிவிடுவார். அந்தத் தோணி நாணல் புதருக்குள்ளும் நுழையும், நினைத்த இடத்தில் திரும்பும். ராஜாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. அகப்படுவதென்னவோ விரல் நீளப் பொடிமீன்தான். ஆனாலும் சபையில் எல்லோரும் "ஆஹா!" என்பார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

ஒருநாள் கழி கடலில் சேரும் இடத்தில், அவர் கண்ணெதிரே ஒரு நெடிய கட்டுமரம் கடலிலிருந்து கரையேறியது. அதிலிருந்து இறங்கிய மீனவன் தாண்டவனின் தோளில் ஒரு வஞ்சிரம். அதன் வால் அவன் முழங்காலில் இடித்தது. ராஜா தம்முடைய கூடையைப் பார்த்தார். மெதுவாக மூடி வைத்தார். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கோள் சொல்வதற்கு நேரம் பார்த்துக்கொண்டே இருப்பவர் அமைச்சர் வல்லபராயர். விடுவாரா?

"அரசே, குடிமகன் படகு தங்கள் படகைவிட நீளமாக இருக்கலாமா? இன்று படகு நீளும். நாளை நாக்கும் நீளும்!"

ராஜாவுக்குச் சுருக்கென்று தைத்தது. உடனே ஆணை பிறந்தது. அரசர் படகைவிட நீளமான படகு இந்த நாட்டில் எவனிடமும் இருக்கக் கூடாது. கரையில் கண்டால் பிளந்து அரண்மனை அடுப்புக்கு அனுப்ப வேண்டும்.

மறுநாள் காலை தாண்டவனின் மனைவி பச்சைவாழி, சபையின் விகடகவி வேம்பையன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, குட்டத் தோணி கழிக்குத்தான் ஆவும். அலையில எறக்குனா பம்பரமாட்டம் சுத்தும். நீளமா இருந்தாத்தான் அலையக் கிழிச்சிக்கிட்டு நேரா போவும். எம் புருசன அந்தத் தோணியில அனுப்பிட்டு, அவரு திரும்பி வருவாரான்னு நான் எப்பிடிய்யா கரையில நிப்பேன்?"

வேம்பையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அரண்மனைக்கு நடந்தான்.

ராஜாவுக்கும் அதற்குள் மனசு கேட்கவில்லைதான். ஆனால் வாய்விட்டுச் சொன்னதை எப்படி விழுங்குவது?

"ஆணையை மாற்றச் சொல்லி வந்திருந்தால் அப்படியே திரும்பிப் போ. மாற்றினால் என்னை எவன் மதிப்பான்?"

"ஒரு சொல்கூட மாற்ற வேண்டாம் அரசே. அளக்கும்போது தாங்களும் கரைக்கு வந்தால் போதும்."

ராஜாவும் வேம்பையனும் கரைக்கு வந்தபோது, வல்லபராயர் அளவுக் கயிறும் கோடாலி வீரர்களுமாக முன்னாலேயே போய் நின்றிருந்தார். கரை முழுக்கத் தேடியும் ஒரு படகுகூடக் கண்ணில் படவில்லை. கட்டைகள்தான் திக்குக்கொன்றாகக் கிடந்தன.

"படகுகளை எங்கேடா ஒளித்தீர்கள்?"

"இதுதாங்க படகு" என்றான் தாண்டவன். "கரைக்கு வந்ததும் கயித்த அவுத்துக் காயப் போட்டுருவோம். இல்லாட்டி கட்டை தண்ணி குடிச்சிக் கனத்துப் போவும். பொறப்படும்போது திரும்பக் கட்டிக்குவோம்."

"அப்படியானால் கட்டைகளையே பிளந்து தள்ளுங்கள்!"

"பொறுங்கள்" என்றான் வேம்பையன். "ஆணை படகைப் பற்றியது. இது படகுதான் என்றால் அமைச்சர் ஏறிக் காட்டட்டும்."

வல்லபராயருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு கட்டையைத் தண்ணீரில் தள்ளச் சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்தார். கட்டை சட்டென்று புரண்டது. அமைச்சர் அடியில் போனார், தலைப்பாகை மேலே மிதந்தது. ராஜா வாயைப் பொத்திக்கொண்டார். வீரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"கட்டச் சொல்லி அளக்கலாம்!" என்று சொட்டச் சொட்ட வந்து கத்தினார் வல்லபராயர்.

"நல்ல யோசனை. தாண்டவா, இருப்பதிலேயே நீளமான கட்டைகளாக எடுத்துக் கட்டு" என்றான் வேம்பையன்.

கட்டினார்கள். அளந்தார்கள். அரசர் தோணியைப் போல இரண்டு மடங்கு இருந்தது! கோடாலி ஓங்கியது. பச்சைவாழி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம்!" என்றான் வேம்பையன். "அடுப்புக்குப் போகிற படகுதானே? அதற்குமுன் அரசர் ஒருதரம் ஏறிப் பார்க்கட்டுமே. குட்டை நல்லதா நெட்டை நல்லதா என்று இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர் சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்?"

ராஜாவுக்கும் காலையிலிருந்து கை துறுதுறுவென்றுதான் இருந்தது. கிரீடத்தை வீரனிடம் கொடுத்துவிட்டு, தாண்டவனோடு ஏறிக்கொண்டார். முதல் அலையில் கண்ணை இறுக்கி மூடினார். இரண்டாவது அலையில் குலதெய்வத்தைக் கூப்பிட்டார். மூன்றாவது அலைக்கு, "இன்னும் பெரிசாக ஒன்று வரட்டும்!" என்று கூவினார். கொஞ்ச நேரத்தில் தூண்டில் கயிறு வெடுக்கென்று இழுத்தது.

திரும்பி வரும்போது ராஜாவின் மடியில் ஒரு வஞ்சிரம் கிடந்தது. தூக்க வந்த வீரர்களிடம் கொடுக்கவே இல்லை. பிள்ளையைத் தூக்குவதுபோல் தாமே தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"வேம்பையா! கழிக்குக் குட்டை சரி. கடலுக்கு இதுதான் படகு! இனி இது என்னுடையது. தாண்டவனுக்கு வேறு கட்டைகள் தரச் சொல்கிறேன்."

வல்லபராயர் ஈரக் கயிற்றை மறுபடி கையில் எடுத்தார். "அப்படியே ஆகட்டும் அரசே. மற்றவர்கள் படகுகளையும் கட்டி, அளந்து, பிளந்துவிடலாமா?"

"தாராளமாக அளக்கலாம்" என்றான் வேம்பையன். "அரசர் படகைவிட நீளமாக இருந்தால் பிளந்துவிடுங்கள். அதுதானே ஆணை?"

வல்லபராயர் மற்றக் கட்டைகளைப் பார்த்தார். அரசருடைய புதுப் படகைப் பார்த்தார். கரையிலேயே நீளமான படகு அதுதான். கயிறு கையிலிருந்து நழுவியது. முதலில் சிரித்தது பச்சைவாழி. பிறகு குப்பமே சிரித்தது.

ராஜாவுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடே வேம்பையா, இந்த மீனின் நடுத்துண்டு உனக்குத்தான்! ஆனால், கடைசியில் என்னை ஆணையை மாற்ற வைத்துவிட்டாயே!"

"அபசாரம் அரசே! ஆணை அப்படியேதான் இருக்கிறது. தாங்கள் மாற்றியது படகை!"