உச்சியில் பந்தின் வேகம்

“இந்த விடைக்குறிப்பை எழுதுன அறிவாளி எவன் சார்?” என்று கேட்டாள் இசக்கியம்மாள்.

நான் ஓட்டும் தென்காசி பஸ்ஸுக்கு அவள்தான் கண்டக்டர். நாற்பத்திரண்டு வயது. நின்று நின்றே முழங்கால் போய்விட்டது. மாலைக் கல்லூரி டிப்ளமோவில் தேறிவிட்டால் டிப்போவில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாறலாம். மற்றதெல்லாம் பாஸ். இயற்பியலில் மட்டும் முப்பத்தெட்டு. நாற்பது வேண்டும்.

ஞானதிரவியம் சார் அந்தக் கல்லூரி வாத்தியார். அவளைவிடப் பத்து வயது இளையவர். தினமும் எங்கள் பஸ்ஸில்தான் வருவார், என் பின்னால் இருக்கும் சீட்டில். டிக்கெட் போட்டு முடித்ததும் அவள் அங்கே வந்து நின்று பாடம் கேட்பாள்.

“எந்தக் கணக்குக்கா?”

“பந்தை வினாடிக்கு இருபது மீட்டர் வேகத்துல, அறுபது டிகிரி சாய்வா எறியுதான். உச்சியில வேகம் என்ன? பத்துன்னு எழுதுனேன். குறிப்புல பூஜ்யம்னு போட்டு ரெண்டு மார்க்கையும் அடிச்சிட்டானுவ!”

அவள் அதோடு விடவில்லை.

“மேல போற வேகம்தான சார் நிக்கும்? முன்னால போற வேகம் எங்க போவும்? ஓடுத பஸ்ஸுல தினமும் விசிலைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கேன். உச்சியில எல்லாம் பூஜ்யம்னா அது பின்சீட்டுக்காரன் மண்டையிலல்லா விழணும்!”

எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. எட்டாவதோடு நின்ற எனக்குப் புரிகிறது. குறிப்பு எழுதிய பெரிய மனுஷனுக்குப் புரியாதாக்கும்!

“விசிலைக் கொடுங்கக்கா,” என்றார் சார். “அண்ணாச்சி, வேகத்தை மாத்தாம போங்க.”

ஐம்பதிலேயே பிடித்தேன். கண்ணாடியில் பார்த்தால், சார் விசிலைத் தூக்கிப் போடுகிறார். கையிலேயே விழுகிறது. மறுபடி போட்டார். மறுபடியும் கையில்தான். பஸ்ஸே சிரித்தது. அவர் முகம் மட்டும் வெளுத்துவிட்டது.

விடைக்குறிப்பு தப்பென்று ஆட்சேபணை சொல்ல அன்று ஐந்து மணியோடு கெடு முடிகிறது. தேர்வு எழுதியவர்தான் மனுக் கொடுக்க வேண்டும், வாத்தியார் கொடுத்தால் செல்லாது. சார் ஒரு தாளை எடுத்து மனுவைத் தானே எழுதி அவளிடம் நீட்டினார்.

“கையெழுத்துப் போடுங்க.”

அவள் பாதி படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“குறிப்பு தயாரிச்சவர்ங்கிற இடத்துல உங்க பேரு இருக்கு சார்.”

“நான்தான்கா அந்த அறிவாளி. ஆறு வருஷமா இதே கேள்வி, இதே பூஜ்யம். ஒரு தடவைகூடத் தூக்கிப் போட்டுப் பாக்கல.”

அடப்பாவி என்று என் வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆறு வருஷத்தில் எத்தனை பேர் ரெண்டு மார்க்கில் வீட்டுக்குப் போனார்களோ! அவளும் நாலு கேள்வி கேட்பாள் என்றுதான் நினைத்தேன். அவளோ தாளை மடித்துப் பணப்பைக்குள் செருகிவிட்டாள்.

“வேண்டாம் சார்.”

“ஏன்?”

“பாடம் சொல்லிக் கொடுத்த ஆள் மேலயே மனுக் கொடுக்கச் சொல்லுதியளா? அடுத்த வருஷம் எழுதிக்கிடுதேன்.”

“முழங்கால்?”

“அது கிடக்கு சார்.”

கல்லூரி நிறுத்தம் வந்தது. மணி நாலு நாற்பது. பஸ்ஸை ஓரம் கட்டினேன்.

“எறங்கிப் போய்க் கொடுத்துட்டு வா இசக்கி, நான் நிப்பாட்டி வைக்கேன்,” என்றேன். அவள் நகரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

ஞானதிரவியம் சாருக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். எழுந்து நின்று கத்தினார்.

“ஆறு வருஷமா எல்லாரும் இப்படித்தான்கா தலையை ஆட்டிட்டுப் போனாங்க! எறங்குங்க. எனக்குக் கொடுக்கிற மரியாதையை அந்தப் பந்துக்குக் கொடுங்க!”