கணக்கு வாத்தியாரின் பாஸ்போர்ட் சைஸ் படம்

ஊசிக்குளத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதில் நான்கு ஆசிரியர்கள் இருந்தார்கள். பிள்ளைகள் எல்லாரும் வேன் வரும் பள்ளிக்கூடமாகப் பார்த்துப் போய்விட்டதால், மீதி இருந்தது அந்த நான்கு பேர்தான். மணி அடிப்பார்கள், வகுப்புக்குப் போவார்கள், காலி பெஞ்சுக்குப் பாடம் நடத்துவார்கள், மணி அடித்ததும் திரும்பி வருவார்கள். பெஞ்சுகள் சத்தம் போடாமல் இருந்ததால் அந்த வருஷம் ஒழுக்கம் ரொம்ப நன்றாக இருந்தது என்று ஹெட்மாஸ்டர் ஏகாம்பரம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

இருந்தாலும் கோடை விடுமுறையோடு பள்ளியை மூடுவது என்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. மற்ற மூன்று பேர் எப்படியோ பிழைத்துக்கொள்வார்கள். கணக்கு வாத்தியார் பூமிநாதன் நிலைமைதான் பாவம். முப்பத்தெட்டு வயதில் அப்போதுதான் அவருக்கு ஒரு பெண் அமைந்திருந்தது. பெண் பெயர் தமயந்தி. பெண்ணுடைய அப்பா ஆவுடையப்பன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: “வெளிநாட்டுல வேலைன்னா பொண்ணு உண்டு. இல்லைன்னா வேற இடம் பாக்கணும். தப்பா நினைக்காதீங்க, மாப்பிள்ளை.” பூமிநாதன் தப்பாக நினைக்கவில்லை. சாப்பாடு மட்டும் இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கோ கடலுக்கு நடுவில் இருக்கும் ஒரு தீவுப் பள்ளியிலிருந்து விளம்பரம் வந்தது. நான்கு ஆசிரியர் வேண்டுமாம். பயோடேட்டா அனுப்ப வேண்டுமாம். அதில் போட்டோ ஒட்டியிருக்க வேண்டுமாம். இங்கிலீஷ் டீச்சர் செண்பகவல்லி அதை வாசித்துத் தமிழில் சொன்னார். பாடம் நடத்தத் தெரியுமா, எத்தனை வருஷம் நடத்தினீர்கள் என்பதற்கெல்லாம் சேர்த்து ஒரு வரி. போட்டோ எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு முழுப் பக்கம்.

“இவங்க வாத்தியார் தேடுதாங்களா, மாப்பிள்ளை தேடுதாங்களா?” என்று கேட்டார் டிரில் மாஸ்டர் உக்கிரபாண்டி.

“ரெண்டும் ஒண்ணுதான்” என்றார் பூமிநாதன் பரிதாபமாக.

நான்கு பேரும் செல்லப்பா அண்ணாச்சியின் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். போட்டோவுக்குப் பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. அண்ணாச்சியின் வெள்ளைத் திரை ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தது. மிச்சம் இருந்தது அருவி கொட்டும் திரை மட்டும்.

“அருவி வெள்ளைதானே?” என்றார் உக்கிரபாண்டி.

“அருவி வெள்ளை. பக்கத்துல நிக்கிற மான் வெள்ளை இல்லை” என்றார் ஹெட்மாஸ்டர். பிறகு கொஞ்ச நேரம் யோசித்தார். பெரிய மனிதர் யோசித்தால் ஏதாவது விபரீதம் நடக்காமல் போகாது. அன்றைக்கும் அப்படித்தான் ஆயிற்று. அவர் தன் இடுப்பில் இருந்த எட்டு முழ வேட்டியை அவிழ்த்து அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டார்.

“கட்டுங்க அண்ணாச்சி. போட்டோவுல இடுப்புக்கு மேலதானே விழும்.”

வேட்டியைக் கட்டினார்கள். ஹெட்மாஸ்டர் ஒரு தினசரியை முன்னால் பிடித்துக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை பார்த்தார். செண்பகவல்லி டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவருடைய போட்டோ அப்படியே விழுந்தது.

“டீச்சர், கண்ணைத் திறங்க” என்றார் அண்ணாச்சி.

“சார் வேட்டியைக் கட்டட்டும், திறக்கேன்.”

“வேட்டியைக் கட்டினா பின்னாடி மான் வந்துருமே டீச்சர்!”

“மான் வந்தா வரட்டும், மானம் இருக்கட்டும்” என்று டீச்சர் கடைசிவரை திறக்கவில்லை.

அடுத்த நிபந்தனை, முகத்தில் சிரிப்பு இருக்கக் கூடாது. சாதாரணமாக வருஷத்துக்கு ஒரு தடவை சிரிக்கும் பூமிநாதனுக்கு, சிரிக்கக் கூடாது என்றதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரைப் பார்த்து உக்கிரபாண்டி சிரித்தார். உக்கிரபாண்டியைப் பார்த்து ஹெட்மாஸ்டர் சிரித்ததில் தினசரி கிழிந்தது.

“ஏதாவது துக்கமா நினைங்க சார்” என்றார் அண்ணாச்சி.

“தமயந்தியை வேற ஆளுக்குக் கட்டிக்கொடுத்தாச்சுன்னு நினையும்” என்று எடுத்துக்கொடுத்தார் ஹெட்மாஸ்டர்.

பூமிநாதன் நினைத்தார். உடனே குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார். அண்ணாச்சி கேமராவை இறக்கினார். “ஏன் நிப்பாட்டுதீரு? சிரிக்கக் கூடாதுன்னுதானே எழுதியிருக்கான்? அழக் கூடாதுன்னு ஒரு வரி இருக்கா, டீச்சர்?” என்று கேட்டார் ஹெட்மாஸ்டர். டீச்சர் கண்ணை மூடியபடியே, இல்லை என்று தலையாட்டினார். படம் எடுக்கப்பட்டது.

படம் புதிதாக இருக்க வேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது. எடுத்து முடித்த நிமிஷத்திலிருந்தே படம் பழசாக ஆரம்பித்துவிடும் என்பதை ஹெட்மாஸ்டர்தான் கண்டுபிடித்தார். ஆகவே அண்ணாச்சி கம்ப்யூட்டரில் வேலையை முடித்து அனுப்பும்வரை, அதற்குள் வயதாகிவிடக் கூடாது என்று நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். உக்கிரபாண்டி மட்டும் நடுவில் ஒரு தடவை விட்டுவிட்டார். அதற்கு மற்றவர்கள் அவரைத் திட்டுவதற்காக மூச்சை விட வேண்டியதாயிற்று.

செல்லப்பா அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்யாணத்துக்குக் கொடுக்கிற படம் என்றால் கேட்காமலேயே முகத்தை வெள்ளையாக்கிவிடுவார். நம் ஊரில் கறுப்பாகப் பிறந்தவர்கள் எத்தனை பேர், கறுப்பாகப் படத்தில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது எண்ணிப் பார்க்கட்டும், அப்புறம் அண்ணாச்சியைக் குறை சொல்லலாம். வெளிநாட்டுக்குப் போகிற படம் ஆயிற்றே என்று அன்றைக்கு அவர் தாராளமாகவே வெள்ளையை ஏற்றினார். முகம் வெள்ளை. சட்டை வெள்ளை. பின்னால் வேட்டி வெள்ளை.

விளைவு என்னவென்றால், படத்தில் ஆளே இல்லை. ஹெட்மாஸ்டருக்கு வழுக்கை. திருநீறும் வெள்ளையோடு வெள்ளையாகப் போய்விட்டது. நடு நெற்றியில் வைத்திருந்த குங்குமம் மட்டும் தனியாக நின்றது. செண்பகவல்லி டீச்சருக்குக் கண்ணே மூடியிருந்ததால் ஒரு ஜோடிக் கம்மல். உக்கிரபாண்டிக்குக் கழுத்தில் தொங்கிய விசில். பூமிநாதனுக்கு மட்டும் நல்ல கருகருவென்று ஒரு மீசை, அதற்கு மேலே அழுது சிவந்த இரண்டு கண்.

“எப்படி இருக்கு?” என்று அண்ணாச்சி கேட்டார்.

ஹெட்மாஸ்டர் தன் படத்தை வெகுநேரம் பார்த்தார். “ரொம்பச் சுத்தமா இருக்கு” என்றார்.

மாதக் கடைசியில் தீவுப் பள்ளியிலிருந்து பதில் வந்தது. மூன்று பேருடைய படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று வருத்தம் தெரிவித்திருந்தார்கள். நான்காவது படத்தில் உள்ளவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். படத்தில் உள்ளவர் மட்டுமே வேலையில் சேர வேண்டும், வேறு ஆளை அனுப்பினால் ஏற்க மாட்டோம், வந்து இறங்கியதும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம், மாறியிருந்தால் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று கறாராக எழுதியிருந்தார்கள்.

பூமிநாதனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “கிடைச்சுட்டு சார்! தமயந்தி அப்பாவுக்குப் போன் போடுங்க!”

“பொறும்” என்றார் ஹெட்மாஸ்டர். “ஒப்பிட்டுப் பாப்போம்னு எழுதியிருக்கான். அங்க போயி அசிங்கப்படுறதுக்கு முன்னாடி நாமளே ஒரு தடவை பாத்துருவோம். வெளிச்சத்துல வந்து நில்லும்.”

பூமிநாதனை ஜன்னல் பக்கம் நிறுத்தி, படத்தை அவர் காதோரம் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் ஆராய்ந்தார்கள்.

“இவருக்கு மூக்கு இருக்கு. படத்துல மூக்கே இல்லையே” என்றார் உக்கிரபாண்டி.

“கலரும் சரியா வரலை” என்றார் டீச்சர். “அவர் நல்ல செவப்பு. குடும்பத்துல வந்த கலர் மாதிரி இருக்கு.”

“கண்ணைப் பாருங்க. அவர் எவ்வளவு பக்குவப்பட்ட ஆளு. இவர் இளிச்சுக்கிட்டு நிக்காரு” என்றார் உக்கிரபாண்டி மறுபடி.

ஹெட்மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். “பூமிநாதன், மனசைத் தேத்திக்கும். அவங்க எடுத்தது உம்மை இல்லை. இந்தப் படத்துல இருக்கிறவரை.”

“ஆனா, அது நான்தானே சார்?”

“நீர் சொன்னா போதுமா? மூணு பேர் பாத்துச் சொல்லுதோம்.”

பூமிநாதன் கண்ணாடி முன்னால் போய் நின்றார். படத்தைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். மூன்று பேர் சேர்ந்து சொன்னால் எப்படி மறுப்பது? அவர் பாவம், கணக்கு வாத்தியார், பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டவர். “நியாயம்தான்” என்றார்.

ஆகவே, வேலை கிடைத்தவரை வேலைக்கு அனுப்புவது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

வழியனுப்பு விழா பள்ளி வாசலில் நடந்தது. படத்தைச் சின்னதாக ஒரு சட்டத்தில் போட்டு நாற்காலியில் வைத்தார்கள். நல்ல ரோஜா மாலை ஒன்று போட்டார்கள். மாலை பெரிது, படம் தீப்பெட்டி அளவு. மீசை மட்டும் எட்டிப் பார்த்தது. டீச்சர் பொட்டு வைத்து ஊதுபத்தி ஏற்றினார். அப்போது தெருவில் போன கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

“யாரு சார் போயிட்டது?”

“கணக்கு வாத்தியார்.”

“அடப் பாவமே! எப்போ?”

“இன்னிக்குச் சாயங்காலம் போறார்.”

கீரைக்காரம்மா கொஞ்சம் தடுமாறினாள். “ரொம்ப நாளா இழுத்துக்கிட்டு இருந்தாரோ?”

“ஆமா. வருஷக்கணக்கா முயற்சி பண்ணினார். இப்பத்தான் கொடுத்து வச்சுது” என்றார் ஹெட்மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “எங்களுக்கும் ஆசைதான். கூப்பிட மாட்டேங்கிறாங்க.”

அவள் கூடையைக்கூடச் சரியாகத் தூக்காமல் ஓடியே போய்விட்டாள்.

படத்தைச் சட்டத்தோடு பார்சல் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். கூரியர் ஆபீசில் இருந்த பெண், “உள்ளே என்ன?” என்று கேட்டாள்.

“வாத்தியார்” என்றார் உக்கிரபாண்டி. “கொஞ்சம் முறுக்கும் இருக்கு. புது இடத்துல சாப்பாடு ஒத்துக்குமோ என்னவோ.”

அவள் அதைத் தராசில் வைத்தாள். முக்கால் கிலோ காட்டியது. செண்பகவல்லி டீச்சர் பதறிப்போனார். “எழுபது கிலோ இருந்த மனுஷன்! இன்னும் ஊரைத் தாண்டலை, அதுக்குள்ள இப்படி இளைச்சுட்டாரே!”

பத்து நாள் கழித்து ஆவுடையப்பன் தாம்பூலத் தட்டோடு வந்து சேர்ந்தார். வாசலிலேயே சிரிப்பு. “மாப்பிள்ளைக்கு வெளிநாட்டு வேலை கிடைச்சுட்டாமே?”

“கிடைச்சுப் போயிட்டாரு” என்றார் ஹெட்மாஸ்டர்.

அப்போது பூமிநாதன் காபி கொண்டு வந்து கொடுத்தார். ஆவுடையப்பன் டம்ளரையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார். “போயிட்டாருன்னு சொன்னீங்க, இங்க நிக்காரு?”

ஹெட்மாஸ்டர் நடந்ததை ஒன்றுவிடாமல் விளக்கினார். ஆவுடையப்பன் வேகமாகப் புரிந்துகொள்ளக்கூடிய மனிதர் அல்ல. ஆனால் ஒருமுறை புரிந்துகொண்டுவிட்டால் பிறகு அசைக்க முடியாது.

“அப்படின்னா வேலை இருக்கிறது அவருக்கு. இவருக்கு இல்லை.”

“ஆமா.”

“நான் என்ன வார்த்தை கொடுத்தேன்? வெளிநாட்டு வேலைக்காரருக்குப் பொண்ணுன்னு. அவருக்கே கொடுக்கேன். நான் பேச்சு மாற மாட்டேன்.”

“மாமா!” என்று பூமிநாதன் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். “தமயந்தியை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.”

ஆவுடையப்பன் அங்கேயே போன் போட்டுக் கேட்டார். தமயந்தி மாப்பிள்ளையை நேரிலும் படத்திலும் பார்த்தவள். சட்டென்று பதில் சொன்னாள்: “படம்னா ரொம்பப் பேசாதுல்லாப்பா? அதுவே இருக்கட்டும்.”

ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு வாரம் லீவு தர வேண்டும் என்று தீவுப் பள்ளிக்கு டீச்சர் இங்கிலீஷில் பணிவாக எழுதினார். சீக்கிரமே பதில் வந்தது. ‘முறுக்குத் தூளும் ஒரு சட்டமும் உள்ள பார்சல் வந்து சேர்ந்தது. பூமிநாதன் இன்னும் வந்து சேரவில்லை. அவர் எங்கே?’

டீச்சர் அதை வாசித்தபோது, கல்யாண வேலையாக வந்திருந்த ஆவுடையப்பனும் பக்கத்தில் இருந்தார்.

“பார்சல் போயிருக்கு, ஆள் போகலை” என்றார் ஹெட்மாஸ்டர். “நடுவழியில எங்கேயோ இறங்கியிருக்காரு.”

“முறுக்கைக்கூடத் திங்கலியே” என்று டீச்சர் விம்மினார்.

“பொண்ணை ஏமாத்திட்டுத் தப்பிச்சுட்டான்!” என்று கத்தினார் ஆவுடையப்பன். “கூப்பிடுங்க போலீசை!”

எல்லாருமாகக் காவல் நிலையத்துக்குப் போனார்கள். ஏட்டையா பேனாவை எடுத்தார். “காணாமப் போனது யாரு?”

“பூமிநாதன், கணக்கு வாத்தியார்.”

“புகார் கொடுக்கிறது யாரு?”

“நான்தான் சார்” என்று முன்னால் வந்தார் பூமிநாதன்.

“உங்க பேரு?”

“பூமிநாதன்.”

ஏட்டையா பேனாவைக் கீழே வைத்தார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடுத்தார். “சரி. அவரோட போட்டோ ஒண்ணு கொடுங்க.”

“போட்டோவைத்தான் சார் காணோம்” என்று நான்கு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“அப்போ ஆள் எப்படி இருப்பாருன்னாவது சொல்லித் தொலைங்க! எதை வச்சு நான் தேடுறது?”

எல்லாரும் பூமிநாதனைப் பார்த்தார்கள். அவர் ஏட்டையாவின் தலைக்குப் பின்னால் மாட்டியிருந்த கண்ணாடியில் தன் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டு, பெருமூச்சு விட்டார்.

“மற்றதெல்லாம் சரியா ஞாபகம் இல்லை சார். என்னை மாதிரி மட்டும் இருக்க மாட்டாரு.”