நடுவில் மூன்றடி மண்

தெய்வசிகாமணி தலைமையாசிரியராக ஓய்வு பெற்றபின் ஆய்வு மாணவரானவர். அவருடைய நெறியாளர் நசீமா அவரைவிடப் பதினேழு வயது இளையவர்.

ஒரு காலையில் சக ஆய்வாளர் பெலிசிட்டாவையும் கூட்டிக்கொண்டு, கழிமுகத்தை ஒட்டிய பழைய துறைமுகத்துக்குப் போனார்கள். தெய்வசிகாமணி ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் பத்து நாள்தான். அதற்குமுன் அகழாய்வுக் குழியை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நசீமாதான் சொன்னார்.

போன மாத மழையில் குழியின் சுவர் கொஞ்சம் கரைந்திருந்தது. அடியில் ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள். மேலே சோழர் காலச் செங்கல், சீனப் பீங்கான். நடுவில் மூன்றடிக்கு வெறும் மண்.

“ரோமானியக் கப்பல் வரது நின்னுது, ஊரும் செத்துது. அப்புறம் அறுநூறு வருஷம் இங்க ஒரு ஆள் இல்ல. என் ஆய்வேடு மொத்தமும் இதுதாம்மா” என்றார் தெய்வசிகாமணி.

பெலிசிட்டா குனிந்தாள். அந்த வெறும் மண்ணிலிருந்து ஒரு சுட்ட மண் உருண்டை பாதி வெளியே தெரிந்தது. நடுவில் துளை.

“சார், இது வலைக்குண்டு. வலை முங்குறதுக்கு எங்கப்பா ஈயத்துல கட்டுவாரு. இது மண்ணுல இருக்கு.”

“மேலேருந்து சரிஞ்சு விழுந்திருக்கும்.” சொல்லிவிட்டு அவர் நசீமாவைப் பார்த்தார். “அப்படித்தானே மேடம்?”

நசீமா கொத்துக்கரண்டியோடு குழிக்குள் இறங்கி, குண்டு இருந்த இடத்தைச் சுற்றி மெல்லச் சுரண்டினார்.

வெயில் ஏறியது. முதலில் கரி வந்தது. பிறகு சாம்பல், கெளுத்தி மீன் முள். கடைசியில் மூன்று கற்கள். மூன்றும் யாரோ வைத்த இடத்திலேயே இருந்தன.

“அடுப்பு” என்றாள் பெலிசிட்டா.

தெய்வசிகாமணி குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். வீட்டு மேசையில் இருநூற்றெண்பது பக்கம் தட்டச்சாகி அடுக்காக இருந்தது.

“நாலு வருஷம், மேடம். எனக்கு அறுபத்திரண்டு ஆகுது. எல்லாம் போச்சே.”

நசீமா முழங்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

“செத்துப்போச்சுன்னு நீங்க எழுதின ஊர்ல மீன்குழம்பு கொதிச்சிருக்கு, சார். அதுக்கா வருத்தப்படுறீங்க?”

தெய்வசிகாமணி அந்தக் கற்களைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார்.